பிடரி பத்திநாதனின் ஆறு நிமிடம்

குவைத்தில், ஃபஹாஹீல் பக்கம், ஏசி மெக்கானிக்குகளுக்குப் பஞ்சம் கிடையாது. ஆனால் ஏசி ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கிற வீட்டுக்கும் கார் அனுப்பி அழைத்துப்போகப்படுகிற மெக்கானிக் ஒருவர்தான் உண்டு. பத்திநாதன், வயது ஐம்பத்துநான்கு. அங்கே தமிழ் வீடுகளில் பிள்ளைக்குப் பிறந்தநாள் வந்தால் கேக், பலூன், பத்திநாதன் என்ற வரிசையில் ஏற்பாடு நடக்கும். பொங்கல் விழா, கிறிஸ்துமஸ் விழா, நர்சுகளின் பிக்னிக், மலையாளிகளுக்கு ஆள் கிடைக்காத வருடங்களில் ஓணம் என்று இருபது வருடமாக அவர் ஏறாத மேடை இல்லை. அத்தனை மேடைக்கும் எதிரில் உட்கார்ந்து ஒரு தடவைகூடச் சிரிக்காதவர் ஒருவர் இருந்தார். அது அவருடைய மனைவி அற்புதராணி.

இப்பேர்ப்பட்ட கலைஞரின் வாழ்க்கையை எழுதப் புகுமுன் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. அவர் குவைத்துக்கு வந்தது பெண்டாட்டி விசாவில். அற்புதராணி நர்சாக வந்து இரண்டு வருடம் கழித்து, 'கணவர்' என்கிற ஒரே தகுதியோடு அவர் விமானம் ஏறினார். வந்த புதிதில் அவள் டூட்டிக்குப் போய்விடுவாள். இவர் சோறு பொங்கி வைத்துவிட்டு ஜன்னல் ஏசியைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் அது எப்படித்தான் குளிர்கிறது என்று கழற்றிப் பார்த்தார். கழற்ற வந்தது, மாட்ட வரவில்லை. ஜூலை மாதம். மாலையில் டூட்டி முடிந்து வந்த அற்புதராணி அன்றைக்குச் சொன்ன சொற்களின் வேகத்தில்தான் அவர் ஏசி தொழிலைக் கற்றார் என்று குடும்பத்தில் ஒரு நம்பிக்கை இருக்கிறது.

கலைத்தொழில் அதற்கும் முந்தியது. கொளச்சலுக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர் அவருடையது. பத்தொன்பது வயதில் பங்குத் திருவிழா நாடகத்தில் மூன்றாவது போர்வீரனாக நின்றார். வசனம் கிடையாது, ஈட்டி மட்டும் உண்டு. வியர்வையில் ஒட்டுமீசை ஒருபக்கம் பிரிந்து உதட்டில் தொங்கியது. மன்னர் வசனத்தை மறந்துவிட்டு மீசையையே பார்த்துக்கொண்டு நின்றார். பத்திநாதன் மீசையைப் பிய்த்து மன்னர் கையில் கொடுத்து, "சவத்த விடுங்க, நீங்க மேல சொல்லுங்க" என்றார். கூட்டம் அடங்கப் பத்து நிமிடம் பிடித்தது. கடைசிக் காட்சியில் விசுவாசத்துக்காகச் சாகவேண்டிய வேதசாட்சி சிரித்துக்கொண்டேதான் செத்தார்.

இந்த 'சவம்' பற்றி ஒரு வார்த்தை சொல்லியாகவேண்டும், ஏனென்றால் இந்த வரலாறே அதன் மேல்தான் நிற்கிறது. கன்னியாகுமரிக் கடற்கரையில் சவமாக இருப்பதற்குச் செத்திருக்கவேண்டிய அவசியமில்லை. கிளம்பாத பைக் சவம். விடாத மழை சவம். கடன் கேட்டு வரும் மச்சான் சவம். மடியில் கிடக்கும் செல்லப் பிள்ளையும் சவம்தான். உண்மையிலேயே இறந்துபோனவரை மட்டும் யாரும் அப்படிச் சொல்வதில்லை. அவரை மரியாதையாக 'பாடி' என்பார்கள்.

அந்தக் கடற்கரையில் இன்னொரு வழக்கமும் உண்டு. ஞானஸ்நானத்தில் பாதிரியார் வைக்கும் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும். ஊர் வைக்கிற வட்டப்பெயர்தான் நிலைக்கும், அது பிள்ளைகளுக்கும் சொத்துப்போல இறங்கும். 2009இல் ஒரு தொலைக்காட்சி 'வளைகுடாவில் நம்மவர்' என்று ஏதோ படம் பிடிக்க வந்தது. பத்திநாதன் அதில் வருவதாக ஊர் முழுக்கச் சொல்லி, ஊரும் காத்திருந்து பார்த்தது. வந்தார். வேறொருவர் பேட்டி கொடுக்கும்போது முன்னால் உட்கார்ந்திருந்த அவருடைய பின்மண்டை நான்கு வினாடி தெரிந்தது. அன்று மாலையே அவருக்குப் 'பிடரி' என்று பெயர் விழுந்தது. பதினைந்து வருடமாக அவர் பிடரி பத்தி. லீவில் போனால் குவைத்தில் பிறந்து வளர்ந்த மகள் ஷாஜினியைக்கூட 'பிடரிக்க மவ' என்றார்கள். அவளுக்கு அர்த்தம் புரியவில்லை. அதிகக் கேவலத்தை அது மிச்சப்படுத்தியது.

ஆகவே, தமிழ்ச் சங்கத்தின் வெள்ளிவிழாவைப் படம்பிடிக்கச் சென்னையிலிருந்து ஒரு தொலைக்காட்சி வருகிறது என்றும், அதில் பத்திநாதனின் நகைச்சுவைக்கு ஆறு நிமிடம் ஒதுக்கியிருக்கிறது என்றும் கேள்விப்பட்டபோது அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். ஆறு நிமிடம். முகம் முன்பக்கம். உடனே ஊரிலிருக்கும் தம்பி ஜெயமணிக்குப் போன் போட்டார்.

"லேய் சவமே, இந்த தடவ எனக்க மூஞ்சி வருது. கேட்டியா? மூஞ்சி!"

"எத்தன செகண்டுண்ணே?"

"செகண்டா? ஆறு நிமிசம்டே!"

"அப்பம் கோயில் மைக்குல சொல்லச் சொல்லிரட்டா?"

"சொல்லு."

சொல்லியும் விட்டார்கள். அதற்குப் பிறகுதான் சதக்கத்துல்லா வந்தார்.

சதக்கத்துல்லா சங்கத்தின் செயலாளர். கீழக்கரைக்காரர். கெட்ட செய்தி கொண்டுவருகிற நாட்களில் ஒரு டப்பா பேரீச்சம்பழமும் கொண்டுவருவார். டப்பாவைப் பார்த்ததுமே பத்திநாதன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணே, நீங்க அந்த முப்பது கிலோதானே பண்ணப்போறீஹ?"

'முப்பது கிலோ' பத்திநாதனின் தலைசிறந்த படைப்பு. லீவில் போகிற ஒருவன் விமான நிலையத் தராசில் பெட்டியை வைக்கிறான். நாற்பத்தொரு கிலோ. முப்பதுதான் அனுமதி. ஒவ்வொன்றாக வெளியே எடுக்கிறான். தைலத்தை எடுத்தால் மாமனார் குரலில் திட்டு விழும். பால்பவுடர் டின்னை எடுத்தால் மாமியார். போர்வையை எடுத்தால் இரண்டு கொழுந்தியாள்கள் ஒரே சமயத்தில். திருப்பித் திருப்பி எடுத்து வைத்தும் முள் முப்பத்தொன்றுக்குக் கீழே இறங்காது. கடைசியில் அவன் பெட்டியை ஓர் உதை உதைத்து, "சவத்த கார்கோல போடு!" என்பான். இருபது வருடமாக அந்த வரியில் அரங்கம் எழுந்திருக்கிறது.

"விழாவுக்கு முழுச் செலவும் யாரு ஏத்துக்கிட்டு இருக்காஹ, தெரியும்லண்ணே?"

தெரியும். ராக்கப்பன். தேவகோட்டைப் பக்கத்துக்காரர். ஃபஹாஹீலில் கார்கோ கம்பெனி வைத்திருக்கிறார். ஊருக்குப் பெட்டி அனுப்புவார். கேம்ப்களில் இறந்துபோகிற தொழிலாளிகளின் உடலையும், எல்லாக் காகிதமும் தானே ஓடி முடித்து, காசு வாங்காமல் அனுப்பிவைப்பார்.

"போன வாரம் உங்க வீடியோவ அவுஹளுக்கு யாரோ அனுப்பிட்டாஹ" என்றார் சதக்கத்துல்லா. "'சவத்த கார்கோல போடு'ண்டா என்னையத்தானே நக்கல் பண்றாருண்டு கேக்குறாஹ. நான் என்னத்தச் சொல்ல?"

பத்திநாதன் வாயைத் திறந்தார். ஒரு பேரீச்சம்பழத்தை உள்ளே போட்டு மூடிக்கொண்டார். இருபது வருடத்தில் இப்படி ஒரு கோணம் அந்த வரிக்கு இருப்பது அவர் புத்திக்கு எட்டவேயில்லை.

மறுநாள் காலை அவரே ராக்கப்பனின் ஆபீசுக்குப் போனார். வாசலில் பெரிய தராசு. சுவரோரம் டேப் சுற்றிய அட்டைப்பெட்டிகள், ஒவ்வொன்றிலும் மார்க்கரில் ஊர்ப்பெயர். ராக்கப்பன் எழுந்து நின்று வரவேற்றார். கோபமாக இருக்கும்போது அதிகமாக மரியாதை கொடுக்கிற ஜாதி மனிதர் என்பது அதிலேயே தெரிந்தது.

"வாங்க. உக்காருங்க. டீ சாப்பிடுறீகளா?"

"அண்ணாச்சி, நான் ஒங்கள வச்சி அத எழுதல்ல. எங்க ஊருல அது பாசமான வார்த்தையாக்கும்."

"எது, பொணமா?"

"பொணம் இல்ல அண்ணாச்சி. சவம்."

"ரெண்டும் ஒண்ணுதானேப்பா!"

"எங்க ஊருல வேற வேற. எனக்க தம்பிய நான் சவமேண்ணுதான் கூப்பிடுவேன். நேத்துகூட வீடியோ கால்ல கூப்பிட்டேன். அவன் சந்தோசமாத்தான் இருந்தான்."

ராக்கப்பன் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "அப்படியா. பாசமாத்தேன் கூப்பிடுவீக. சரி, என்னையவும் ஒருக்கா அப்படிக் கூப்பிடுங்க. கேப்போம்."

எண்ணூறு பேர் முன்னால் ஒன்பது குரலில் பேசுகிறவருக்கு அந்த நேரத்தில் ஒரு குரலும் வரவில்லை. "அண்ணாச்சி..." என்று தொடங்கி அதிலேயே முடிந்துபோனார்.

"வரலைல்ல?" என்றார் ராக்கப்பன்.

அப்போது கதவைத் தட்டிக்கொண்டு ஓர் ஆள் உள்ளே வந்தார். சைட்டிலிருந்து நேராக வந்த தூசியோடு, கையில் ஒரு பாஸ்போர்ட். ராக்கப்பன் எழுந்துபோய் அதை வாங்கிக்கொண்டு, தாழ்ந்த குரலில் நாலு வார்த்தை பேசி, தோளைத் தட்டி அனுப்பினார். திரும்பி வந்து உட்கார்ந்தபோது அவர் முகத்தில் கோபம் இல்லை.

"வேலுச்சாமிண்டு ஒரு ஆளு, கேம்ப்ல தவறிட்டாரு. விருதுநகர்ப் பக்கம். நாளைக்கு அனுப்புறேன். அந்தப் பெட்டிக்கும் காகிதத்துல கார்கோண்டுதேன் போட்டிருக்கு. பதினெட்டு வருசமா அந்த எழுத்தைப் பாக்கிறப்ப எனக்குச் சங்கடமாத்தேன் இருக்கு. நீங்க மைக்கு வச்சு வேற சொல்றீக."

பத்திநாதன் டீயை முழுவதும் குடித்தார். சூடு ஆறியிருக்கவில்லை, நாக்கு பொத்துப்போனது. "நான் சொல்லல்ல அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு வந்தார்.

வீட்டில் அன்று அவசர மந்திராலோசனை கூடியது. சவத்துக்குப் பதிலாக ஒரு சொல் வேண்டும். 'சனியன்' என்றால் ராக்கப்பன் சனிக்கிழமை தவறாமல் விளக்குப் போடுகிறவர். 'மூதேவி' என்றால் சங்கத்தின் மகளிர் அணி எழுந்து நிற்கும். 'எழவு' என்றால் சுற்றிவந்து பழைய இடத்துக்கே வந்து சேரும். தமிழில் பாசமாகத் திட்டுகிற சொற்களில் பாதி சாவிலும் மீதி சனிக்கிழமையிலும்தான் போய் முடிகின்றன என்பதை அந்தக் குடும்பம் அன்றுதான் கண்டுபிடித்தது.

"அப்பா, ஜஸ்ட் 'வாட்எவர்'னு சொல்லுங்க. சேம் மீனிங்" என்றாள் ஷாஜினி.

"ஊருல எவனுக்கு மக்களே அது புரியும்?"

மீன் கழுவிக்கொண்டிருந்த அற்புதராணி திரும்பாமலே சொன்னாள்: "நான் டூட்டியில பாக்காத சவமா? ஒண்ணுகூட என்னையச் சிரிக்க வச்சதில்ல. நீங்க சொல்லுத சவமும் அப்பிடித்தான். போனாப் போவுதுண்ணு விடுங்க."

கடைசியில் 'கழுதை' என்று தீர்மானமாயிற்று. பத்திநாதன் கண்ணாடி முன்னால் நின்று பெட்டியை உதைத்து, "கழுதய கார்கோல போடு!" என்று சொல்லிப் பார்த்தார்.

"கார்கோல அனிமல்ஸ் அலோவ்டாப்பா?" என்று கேட்டாள் ஷாஜினி. நகைச்சுவைக்கு அதைவிடப் பெரிய மரண அறிவிப்பு கிடையாது.

வெள்ளிவிழா ஒரு வெள்ளிக்கிழமை. அழைப்பிதழில் மூன்று மணி என்று போட்டிருந்ததால் ஐந்தே காலுக்குத் தொடங்கியது. நிகழ்ச்சித் தொகுப்பும் பத்திநாதன்தான், மைக் மக்கர் செய்தால் பார்க்கிற ஆளும் பத்திநாதன்தான். கலைஞனும் டெக்னீஷியனும் ஒரே ஆளாக அமைவது சங்கத்துக்கு எப்போதும் வசதி. அவருடைய ஆறு நிமிடம் ராக்கப்பனின் வாழ்த்துரைக்குப் பிறகு.

ராக்கப்பன் மூன்று பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தார். "பேரன்பு கொண்ட" என்றார். மைக் கிய்யென்று கத்தியது. மறுபடியும் "பேரன்பு" என்றார். மறுபடியும் கிய். மூன்றாம் தடவை பேரன்புக்கு இடமே கொடுக்காமல் கத்தியது. பத்திநாதன் ஓடிவந்து மைக் ஸ்டாண்டைப் பிடித்துக் குனிந்து திருகினார். கேமரா முன்னால் நின்றது. ராக்கப்பனுக்கு வியர்த்தது. ஒரு வாரமாக ஒரு சொல்லைத் தடுத்து நிறுத்துவதிலேயே குறியாக இருந்ததில் அந்தச் சொல் அவர் நாக்கிலேயே வாடகை இல்லாமல் குடியேறிவிட்டதை அவரே அறியவில்லை. பொறுமை போய் அவர் சொன்னார்:

"அட, அந்தச் சவத்த விடுப்பா!"

மைக் அந்த ஒரு வரிக்கு மட்டும் கணீரென்று வேலை செய்தது.

எண்ணூறு பேரும் ஒன்றாக வெடித்தார்கள். கடைசி வரிசையில் இருந்த குமரிக்காரர்கள் நாற்காலி மேலேயே ஏறிவிட்டார்கள். ராக்கப்பன் திகைத்து நின்றார். அவர் சொன்னதற்கு அவரிடம் சம்பளம் வாங்காதவர்கள் சிரிப்பது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. மெதுவாகக் குனிந்து பத்திநாதனின் காதில் கேட்டார்.

"இப்படித்தேன் இருக்குமா?"

"ஆமா அண்ணாச்சி."

"ஒவ்வொரு தடவையுமா?"

"ஒவ்வொரு தடவையும் இருக்காது."

அந்த எச்சரிக்கையை அவர் கேட்கவில்லை. மூன்று பக்கத்தையும் மடித்துப் பையில் வைத்துவிட்டு, மைக்கைப் பிடித்து மறுபடியும் சொன்னார். பாதிச் சிரிப்பு வந்தது. மூன்றாம் தடவை சொன்னார். இரண்டு இருமல் வந்தன. மற்றவர்கள் இருபது வருடத்தில் கற்கும் தொழிலை நாற்பது வினாடியில் கற்று முடித்தவராக அவர் இறங்கிப்போகும்போது, "நீங்க ஒங்க வார்த்தையவே சொல்லுங்க, பத்திநாதன். சந்தோசமாத்தேன் இருக்கு" என்று அனுமதியும் கொடுத்தார்.

ஆக, அனுமதி கிடைத்தது. ஆனால் அனுமதித்தவரே அந்தச் சொல்லை மூன்று தடவை செலவழித்திருந்தார். பத்திநாதன் பெட்டியைத் தராசில் வைத்தார், மாமனாரும் மாமியாரும் கொழுந்தியாள்களும் வந்து திட்டினார்கள். கடைசி வரிக்கு முன்னால் அவர் ஒரு கணம் தயங்கினார். தூசியோடு பாஸ்போர்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த ஆள் ஏனோ நினைவுக்கு வந்தார். ஆகவே கார்கோவை விட்டுவிட்டு, "சவத்த விடு, நான் இஞ்சயே இருக்கேன்!" என்று பெட்டி மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். பழைய சிரிப்பில் முக்கால்வாசி வந்தது. அது போதும். கேமராவின் சிவப்பு விளக்கு ஆறு நிமிடமும் அவர் முகத்தின் மேல் எரிந்ததை அவர் பார்த்தார். முன்பக்கம்.

மூன்று வாரம் கழித்து ஒளிபரப்பு. ஃபஹாஹீலில் அற்புதராணி டூட்டி மாற்றிக்கொண்டு வீட்டில் இருந்தாள். அங்கே ஊரில் கோயில் மைக்கில் மறுபடியும் சொல்லியிருந்தார்கள். குத்துவிளக்கு வந்தது. பிள்ளைகளின் நடனம் வந்தது. பிரியாணி அண்டா நெடுநேரம் வந்தது. பிறகு ராக்கப்பன் வந்தார், பக்கத்தில் மைக்கைப் பிடித்துக் குனிந்தபடி பத்திநாதன், முழு முகத்தோடு.

ராக்கப்பன் அவரைப் பார்த்துச் சொன்னார்: "அட, அந்தப் பீஈஈப் விடுப்பா!"

அரங்கம் வெடித்துச் சிரித்தது. பதினொரு வினாடி. அடுத்தது மகளிர் அணியின் கும்மி. அதற்கடுத்து நன்றி, வணக்கம்.

சதக்கத்துல்லா சென்னைக்குப் போன் செய்து காரணம் கேட்டு வந்து சொன்னார். இந்தத் தடவை இரண்டு டப்பா பேரீச்சம்பழம். குடும்பத்தோடு பார்க்கிற நேரத்தில் அந்தச் சொல் கூடாதாம். பத்திநாதனின் ஆறு நிமிடமும் அந்தச் சொல்லில் போய் நின்றதால் மொத்தமாக எடுத்துவிட்டார்களாம். செலவை ஏற்றவரை எடுக்கமுடியாது, அதனால் அவர் வாயில் மட்டும் பீப் போட்டார்களாம்.

ஜெயமணியிடமிருந்து கால் வந்தது.

"அண்ணே, மூஞ்சி நல்லா தெரிஞ்சுது."

"தெரிஞ்சுதாடே?"

"தெளிவா. ஆனா அந்தப் பெரிய மனுசன் ஒனக்க மூஞ்சியப் பாத்து என்ன கெட்ட வார்த்தண்ணே சொன்னாரு? டிவிக்காரனே பீப்பு போடுத அளவுக்கு? இஞ்ச கடப்புறத்துல பந்தயம் ஓடுது. நாலு வார்த்த சொல்லுதானுவ."

"லேய், அது சவம்டே!"

"சவத்துக்குப் போயி எவனாவது பீப்பு போடுவானாண்ணே? மறைக்காத. அப்புறம், இனி ஒன்ன யாரும் பிடரிண்ணு சொல்லமாட்டாங்க."

"நெசமாவா?"

"பீப்பு பத்திண்ணு ஆயாச்சு."

போனை வைக்கவில்லை, அடுத்த கால் வந்துவிட்டது. ராக்கப்பன். குரலே சரியில்லை.

"பத்திநாதன், நம்ம மானம் போச்சுப்பா. டிவியில கெட்ட வார்த்தை பேசிட்டாண்டு தேவகோட்டையில அக்கா அழுகுது. நான் சொன்னா நம்ப மாட்டேங்குது. நீங்களே விளக்கஞ் சொல்லுங்க. லைன்ல சேத்துவிடுறேன்."

அவருடைய அக்கா ஜெயலட்சுமி மூக்கை உறிஞ்சிக்கொண்டு லைனில் வந்தார். "தம்பி, எங்கிட்ட மறைக்காதீக. அவன் ஒங்கள என்னண்டு வஞ்சான்?"

"வையல்ல அக்கா. மைக்க சவம்ணு சொன்னாரு. எங்க ஊருல அது பாசமான வார்த்தையாக்கும்."

"ஆமாக்கா, பாசமான வார்த்தை" என்று ராக்கப்பனும் அவசரமாகச் சாட்சி சொன்னார்.

ஜெயலட்சுமி விடவில்லை. "அப்படியா? அப்ப எந்தம்பிய ஒருக்கா அப்படிக் கூப்பிடுங்க. நான் கேக்கிறேன்."

பத்திநாதன் நிமிர்ந்தார். இந்தத் தடவை மேடை இல்லை, கேமரா இல்லை, ஆறு நிமிடமும் இல்லை. போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜை மேல் வைத்தார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, கடற்கரையில் வள்ளம் தள்ளுகிறவர்களுக்குக் கேட்கிற குரலில் அழைத்தார்:

"எலே ராக்கப்பா! சவமே! சோறு தின்னியாடே மக்கா?"

ராக்கப்பனின் குரல், பள்ளிக்கூடத்துப் பையன் குரல்போல, மிகவும் அடங்கி வந்தது.

"இன்னும் இல்லைப்பா."

தேவகோட்டையில் ஜெயலட்சுமி சிரிக்கத் தொடங்கியது ஃபஹாஹீலில் மேஜையை அதிரவைத்தது. அதற்குள் இன்னொரு சத்தமும் கலந்திருந்தது. பத்திநாதன் திரும்பினார். அற்புதராணி அடுப்புப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, இன்னொரு கையில் அகப்பையோடு நின்றாள்.

"அம்மா சிரிக்கிறாங்க! அப்பா, அம்மா இஸ் லாஃபிங்!" என்று ஷாஜினி கத்திக்கொண்டு தன் போனைத் தூக்கி வீடியோ எடுத்தாள். "ஒன் மோர் டைம்ப்பா, ப்ளீஸ், ஒன் மோர் டைம்!"

பத்திநாதன் மறுத்துவிட்டார். இரண்டாம் தடவையின் ஆபத்து அவருக்குத் தெரியும்.

அந்த வீடியோ இன்னும் ஷாஜினியின் போனில் இருக்கிறது. எட்டு வினாடி. அற்புதராணி கடைசிவரை திரும்பவில்லை, அதனால் முகம் விழவில்லை. பிடரி மட்டும் தெரிகிறது. அது குலுங்கிக்கொண்டே இருக்கிறது.